பாறை இடப்பக்கம்

பாறை வலப்பக்கம் இருந்தது.

படகிலிருந்து இறங்கி, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, தோளில் வண்ணப்பெட்டியும் கக்கத்தில் கான்வாஸுமாக மணல்மேட்டில் ஏறி, கடலைப் பார்க்கத் திரும்பி நின்ற ஓவியர் முதலில் கவனித்தது அதைத்தான். கரை பிறைபோல வளைந்து கிடந்தது. இடது முனையில் அக்காவின் ஓட்டு வீடு. வலது முனையில், படுத்த எருமைபோல, கறுப்பாக அந்தப் பாறை. ஆனால் ஓவியரின் படங்களில் பாறை எப்போதும் இடப்பக்கம்தான். எத்தனையோ வரவேற்பறைகளில், பல் மருத்துவமனைகளில், கல்யாணமாகி வந்த புதிதில் வாங்கிய சோபாக்களுக்கு மேலே அது இடப்பக்கமே தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பேர் தப்பாக இருக்க முடியாது. இந்தத் தீவுதான் தப்பாக இருக்க வேண்டும்.

"பாறை இடம் மாறியிருக்கே" என்றார், புகார் கொடுக்கும் குரலில்.

கயிற்றை முளையில் கட்டிக்கொண்டிருந்த படகுக்காரர் நிமிர்ந்தார். ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தால் கிளம்பமாட்டார் என்பதால் அவருக்கு நங்கூரம் என்று பெயர். அவர் பாறையைப் பார்த்தார், ஓவியரைப் பார்த்தார், இரண்டில் எது நகர்ந்திருக்கும் என்று ஒரு முடிவுக்கு வந்தார்.

"வெயில் ஜாஸ்தி தம்பி. தொப்பி போட்டுக்குங்க."

அக்காவிடம் சொன்னபோது அவள் தையல் மெஷினை நிறுத்தக்கூட இல்லை. "பாறை அங்கயேதான்டா இருக்கு. போனது நீ" என்றாள்.

ஓவியர் வந்தது புத்துணர்வுக்காக. கடைசிக் கண்காட்சியில் மக்கள் அதிக நேரம் நின்ற இடம் ஏசிக்கு நேர் கீழே. காலரிக்காரர் பதினாறு படங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இது ஒரே படமா என்று கேட்க வந்து, மரியாதை கருதி விழுங்கிக்கொண்டார். பிறகு போனில் சொன்னார்: "அடுத்தது வழக்கம்போலவே இருக்கணும் சார். ஆனா புதுசா இருக்கணும். நீங்க சின்ன வயசுல ஓடி விளையாடின கரைக்கே போய்ட்டு வாங்களேன். அங்க நிஜம் இருக்கும்." இந்த முறையும் விற்கவில்லையென்றால் சுவரை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே கேட்டது.

வழக்கம் என்பது இது: அலையில்லாத கடல், எப்போதும் அந்தி வானம், ஆளில்லாத மணல், இடப்பக்கம் பாறை, பாறைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கும் ஒரே ஓர் உருவம். தட்டைத் தூரிகையின் ஒற்றை இழுப்பு. அதற்குப் பாதம் கிடையாது, கை கிடையாது, முகம் கிடையாது. தனக்குப் பாதம் வரையத் தெரியாது என்பதை ஓவியர் கலைக்கல்லூரி முதலாண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். கலை உலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அலை வரைந்தால் சோப்பு நுரைபோல வந்தது, விட்டுவிட்டார். பறவை வரைந்தால் வாத்தியார் போட்ட சரிக்குறிபோல வந்தது, விட்டுவிட்டார். வீடு வரைந்தால் சாய்ந்தது. ஒவ்வொன்றையும் விட விட, விமர்சகர்கள் ‘வெறுமை’ என்றார்கள், ‘மௌனம்’ என்றார்கள். ஒருவர் ‘இன்மையின் இருப்பு’ என்று ஒரு கட்டுரையே எழுதினார். ஓவியருக்கு அது புரியவில்லை. ஆனாலும் அதை ஏற்றுக்கொண்டார்.

அன்று மாலை நங்கூரத்தோடு தேநீர் குடித்துக்கொண்டே அக்கா, ஓவியரின் படம் அச்சான பழைய கண்காட்சி அழைப்பிதழை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். மேசை முழுக்க வெள்ளைத் துணி, சாக்குக்கட்டிக் கோடு, வெட்டிவைத்த சட்டைத் துண்டுகள்.

"இவளுக்கு முகம் எங்கடா?"

"முகம் தெரிஞ்சா மர்மம் போயிடும்."

"வரையத் தெரியலைன்னு சொல்லு." அவள் ஒரு சட்டைத் துண்டைத் தூக்கிக் காட்டினாள். "இது பின்பாகம். இதை மட்டும் தைச்சுக் குடுத்து, முன்பாகம் மர்மம்னு சொன்னா ஹெட்மாஸ்டர் சும்மா விடுவாரா?"

நங்கூரம் சிரித்ததில் தேநீர் மூக்கில் ஏறியது. ஓவியர் சிரிக்கவில்லை. சட்டை தைப்பவளுக்குக் கலை எப்படிப் புரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அழைப்பிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேட்டில் ஸ்டாண்டை நிறுத்தி, கான்வாஸை மாட்டி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கடலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசியது, காற்று மணலை வண்ணத்தில் இறைத்தது. தவிர, கரையைப் பார்க்காமலே கரையை வரைவதில் அவருக்கு அனுபவம் அதிகம். மதியத்துக்குள் வானமும் கடலும் முடிந்தன. அந்தி வானம், தட்டைக் கடல். பெட்டியை மூடும்போது விரல் தவறிப் படத்தில் பட்டது. வண்ணம் ஒட்டவில்லை. எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும், இது காய்ந்திருந்தது. நகத்தால் தட்டினால் டொக்கென்றது. கடற்காற்று, என்று முடிவு செய்தார்.

அடுத்த நாள் காலை அவரை எழுப்பியது சத்தம் இல்லாமை. இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவரின் காதுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த அலைச் சத்தம், நகரத்தில் ஏசியின் உறுமலில்கூட அவர் அறியாமல் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம், யாரோ மூடி போட்டு அமுக்கியதுபோல நின்றிருந்தது. வெளியே போனார். கடல் கத்தியால் தடவிய வண்ணம்போல மழமழவென்று கிடந்தது. நுரை இல்லை, கரையில் ஈரக்கோடு இல்லை, ஒரு பறவை இல்லை. காலைதான், ஆனால் வெளிச்சம் அந்தி வெளிச்சம். சூரியன் ஏறுவதாகத் தெரியவில்லை, எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை. உப்பு வாடை இருக்க வேண்டிய இடத்தில், மூக்கைத் துளைத்துத் தொண்டையில் இறங்கும் வேறொரு வாடை. அவருக்கு நன்றாகத் தெரிந்த வாடை. எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன்.

வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். ஓவியர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று, இப்போதுதான் கடல் கடல்மாதிரி இருக்கிறது என்று நினைத்தார்.

"காது அடைச்ச மாதிரி இருக்குடா" என்றாள் அக்கா. மெஷினின் கடகடப்பு மட்டும் அந்த அமைதியில் பெரிதாகக் கேட்டது. "புயல் வருமோ என்னமோ."

"உனக்குச் சத்தமே பழகிப்போச்சு. அமைதின்னா பயப்படற."

அன்று மணலை வரைந்தார். நங்கூரம் படகில் உட்கார்ந்து, ஓடாத தண்ணீரைத் துடுப்பால் குத்திப் பார்த்துவிட்டு மேட்டுக்கு ஏறி வந்தார். அவர் முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. ஆனாலும் படத்தைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

"தம்பி, நம்ம படகையும் ஒரு ஓரமா போட்டுடுங்க."

"படத்துக்கு அது இடைஞ்சல்."

"ஒரு கோடு. பேரன்கிட்ட காட்டுவேன்."

"பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். நங்கூரத்துக்கும் அது தெரியும். தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போய்ப் படகில் உட்கார்ந்தார். ஓவியர் படகு இல்லாத, வலை இல்லாத, காலடி இல்லாத மணலைப் பூசினார். கிளம்பும்முன், கை ஓடிக்கொண்டிருந்ததால், பாறையையும் போட்டுவிட்டார். இடப்பக்கம். பாறையை வரையும்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்திருக்கலாம். முதுகைத் திருப்ப வேண்டும் என்பதுதான் கஷ்டம். உருவம் மட்டும் மிச்சம். அது கடைசியில்தான், ஒரே இழுப்பு.

அடுத்த நாள் காலையும் அதே அந்தி. கரைக்குப் போனவர் முதலில் முளையைப் பார்த்தார். நங்கூரத்தின் கயிறு முடிச்சோடு இருந்தது. முடிச்சிலிருந்து மணல்மேல் நெளிந்து தண்ணீரை நோக்கிப் போனது. பாதி வழியில் முடிந்தது. அறுந்ததாகத் தெரியவில்லை, அவிழ்ந்ததாகவும் தெரியவில்லை. காய்ந்த தூரிகையை இழுத்து எடுக்கும்போது கோடு எப்படி இழை இழையாகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகுமோ, அப்படி முடிந்தது. படகு இல்லை. அவர் தோளுக்கு மேலாகத் தான் நடந்து வந்த மணலைத் திரும்பிப் பார்த்தார். காலடி ஒன்றுகூட இல்லை. குனிந்து உள்ளங்கையால் அழுத்தினார். அமுங்கவில்லை. கையை எடுத்தபோது உள்ளங்கையில் கட்டம் கட்டமாக ஒரு தடம். துணியின் நெசவு.

மெதுவாக நிமிர்ந்தார். கழுத்தைத் திருப்ப மனம் வராமல், கண்ணை மட்டும் வலப்பக்கம் ஓட்டினார்.

பாறை இல்லை. வழுவழுப்பான மணல்.

இடப்பக்கம் பார்த்தார். வீடு இருந்தது. ஆனால் ஓடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்திருந்தன. சுவரின் அடியில் சிப்பி படர்ந்திருந்தது. ஜன்னல் நேற்றைவிடச் சின்னது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடினார்.

"நங்கூரம் இன்னும் வரல" என்றாள் அக்கா, தலை நிமிராமல். படகுக்காரருக்கு ஊற்றி வைத்த தேநீர் மேசையில் ஆடை கட்டியிருந்தது. "பின்கதவும் திறக்க மாட்டேங்குது. வெளிய யாரோ சாஞ்சு நிக்கிற மாதிரி இருக்கு. என்னன்னு பாரு."

"அக்கா, வெளிய வா."

"எதுக்கு?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். என் படம் தப்பு, பாறையைத் தப்பான பக்கத்தில் போட்டுவிட்டேன், அது உன்மேல் வருகிறது. இத்தனை வருடமாகத் தப்பு. சொன்னால் அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டாவது எழுந்து வருவாள். ஓவியர் வாயைத் திறந்தார். கண்காட்சிகள் கண்முன் வந்தன. சோபாக்கள் வந்தன. ‘இன்மையின் இருப்பு’ வந்தது.

"காத்து வாங்கலாம்" என்றார்.

"காத்தா? ரெண்டு நாளா ஒரு இலைகூட ஆடல." அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். "இந்தச் சட்டைக்கு முன்பாகம் இன்னும் வெட்டல. முடிச்சுட்டு வரேன், நீ போ."

போனார். அழித்துவிட்டால் போயிற்று என்று தோன்றியது. யாரிடமும் சொல்லாமலே அழித்துவிடலாம். அதுதான் கௌரவம்.

துணியை டர்பன்டைனில் நனைத்துப் பாறைமேல் தேய்த்தார். துணி வெள்ளையாகவே வந்தது. இன்னும் ஊற்றினார். கை எரிந்தது, வண்ணம் அசையவில்லை. சுரண்டும் கத்தியை எடுத்துக் குத்தினார். கத்தி வளைந்தது. கல்லில் இரும்பு உரசிய சத்தம் கான்வாஸிலிருந்து வந்தது. அதே சத்தம் இடப்பக்கமிருந்தும் வந்தது.

திரும்பினார்.

கதவு இல்லை. ஜன்னல் இல்லை. ஓடு இல்லை. படுத்த எருமைபோல, கறுப்பாக, இடப்பக்கம், பாறை.

எப்படி ஓடினார் என்று தெரியாது. கன்னத்தைக் கல்லில் வைத்து நின்றிருந்தார். கல் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே, ஆழத்தில், மெஷின் ஓடியது. கடகட. நின்றது.

"யாருடா கதவைச் சாத்தினது?"

அவள் குரலில் இன்னும் பயம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"அக்கா, நான்தான். இரு. திறந்துடறேன்."

"விளக்கு பத்த மாட்டேங்குது." கொஞ்ச நேரம் கழித்து, "டேய். சுவர் கிட்ட வருதுடா."

அழிக்க முடியாது. மேலே வரையலாம். பாறைமேல் வீட்டை வரையலாம், வீட்டுக்குள் அவளை வரையலாம். மேட்டுக்கு ஓடினார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். வீட்டை வரைந்தார். சாய்ந்தது. கதவு போட்டார். கைப்பிடி போட நேரமில்லை. நிமிர்ந்தால், அங்கே, பாறையைப் பிளந்துகொண்டு, வரைந்தபடியே சாய்வாக ஒரு வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

இனி அவள்.

முகம். ஒரு முட்டை வடிவம் போட்டார். அதற்குள் என்ன?

மச்சம் உண்டு. எந்தக் கன்னம்? இடதா? புருவம் சேர்ந்திருக்குமா? மூக்கு? காலையில் பார்த்தேன். பார்த்தேனா? அவள் பேசினாள். நான் மேசையைப் பார்த்தேன். துணியைப் பார்த்தேன். அழைப்பிதழைப் பார்த்தேன்.

ஒரு கண் வரைந்தார். பெரிதாகிவிட்டது. சரி செய்தார். கீழே இறங்கிவிட்டது.

வீட்டுக்குள்ளிருந்து குரல். "டேய், கண்ணுல என்னமோ... கண்ணு எங்கடா போகுது?"

"அசையாத. அசையாத அக்கா."

இன்னொரு கண். தூரிகையிலேயே வண்ணம் இறுகியது. கண் பாதியில் நின்றது. வாய்? வாய் எப்படி இருக்கும்? உள்ளே அவள் கத்த ஆரம்பித்தாள். வார்த்தை இல்லை. வாய் இன்னும் வரையப்படவில்லை.

அவர் அழுதார். அழுதுகொண்டே தட்டைத் தூரிகையை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.

ஒரே இழுப்பு.

கத்தல் நின்றது.

அமைதி. நல்ல அமைதி. பிறகு, தூரத்தில், கடகட. மெஷின். ஓடுகிறது. கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்தார். சாய்ந்த வீட்டின் முன், முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் உருவம். அவர் வரைந்ததிலேயே சிறந்தது. அந்த நேரத்திலும் அது அவருக்குத் தோன்றியது. வழக்கம்போலவே. ஆனால் புதிது.

நடந்தார். மணல் சத்தமிடவில்லை. வாசற்படி சாய்ந்திருந்தது. தரை சாய்ந்திருந்தது. மேசைமேல் வெள்ளைத் துணி. வெட்டிய துண்டுகள். எல்லாம் பின்பாகம்.

அக்கா மெஷின் முன்னால் இருந்தாள். முதுகு தெரிந்தது. கொண்டை தெரிந்தது. பெடல் ஏறி இறங்கியது. உடையின் விளிம்பு பெடலுக்கு மேலேயே இழை இழையாக முடிந்திருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"அக்கா."

மெஷின் நின்றது.

"நான்தான். பயப்படாத."

அவள் திரும்பவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, மேசையைச் சுற்றி, அவளுக்கு முன்னால் போனார்.

முதுகு. கொண்டை.

மறுபடி சுற்றி வந்தார். முதுகு. கொண்டை.

அப்போது அவள் எழுந்தாள். அவர் பக்கம் திரும்பினாள். திரும்பி முடித்த பிறகும் முதுகாகவே இருந்தாள். கிட்டே வந்தாள். இரண்டு பின்பாகங்களைச் சேர்த்துத் தைத்ததுபோல, காது இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓடியது. உள்ளிருந்து மூச்சு முட்ட முட்ட, அந்தத் தையல் விரிந்து விரிந்து மூடிக்கொண்டிருந்தது.